மெர்சிங் கரையில் எடுத்த படம்

சோமசேகரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் அரசாங்க கிளார்க்காக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு காமிரா வாங்கினார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கடற்கரையில்தான் பார்க்க முடியும்.

மெர்சிங்கில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். காலையில் ஒருவரைக் கடல் பின்னால் தெரிய நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். பல படங்களைக் கெடுத்த பிறகுதான் சோமசேகரத்துக்கு அது பிடிபட்டது. பிறகு, மாலை வெயில் தென்னைகளின் பக்கமிருந்து சாயும்வரை காத்திருப்பார். மேகம் வந்தால் எடுக்காமலே திரும்பிவிடுவார்.

மனைவி சத்தியபாமாவையும் இரண்டு வயது மகள் செல்லத்தையும் அப்படிப் பல தடவை அழைத்துப்போய், எடுக்காமலே கூட்டிவந்திருக்கிறார்.

ஒரு நாள் வெளிச்சம் வாய்த்தது. குழந்தை இடுப்பில் நிற்காமல் திமிறியது.

"கெதியா எடுங்கோ, இவள் வழுக்கிக்கொண்டு போறாள்!" என்று சத்தியபாமா சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவர் எடுத்துவிட்டார்.

பிலிம் கழுவுவதற்காகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் போனது. அது திரும்புவதற்குள் செல்லத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் குழந்தை போய்விட்டது.

படம் வந்தபோது அவர் அதை அலமாரியில் துணிகளுக்கடியில் வைத்தார். சில மாதம் கழித்துச் சத்தியபாமாவே அதைக் கேட்டாள். வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்ர பிள்ளை. பக்கத்தில சிரிச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து, தன்னை மட்டும் வெட்டி நீக்கினாள். குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருந்த தன் விரல்களை வெட்ட முடியவில்லை. அவை படத்திலேயே தங்கிவிட்டன.

அதற்குப் பிறகு சோமசேகரம் காமிராவைத் தொடவில்லை.

இரண்டு ஆண்டு சென்று, மாசி மகத்தன்று காலை ரப்பர் தோட்டத்துச் சனங்கள் லாரியில் கடலாட வந்தார்கள். கோயில் சாமிக்குக் கற்பூரம் காட்டி முடிந்ததும், அங்கம்மா என்ற பால்மரம் சீவும் பெண் கைக்குழந்தையோடு, கரையில் நின்ற சோமசேகரத்திடம் வந்தாள்.

"ஐயா, நீங்க படம் புடிப்பீங்கன்னு சொன்னாங்க. எம் புள்ளைய ஒண்ணு புடிச்சுக் குடுங்கய்யா."

"இப்ப வெளிச்சம் சரியில்லையம்மா. பின்னேரம் பாப்பம்."

"லாரி கெளம்பிருமுங்க. முன்னாடி ரெண்டு பொறந்து போயிருச்சுய்யா. ஒண்ணுக்கும் படம் இல்ல. மூஞ்சிகூட மறந்து போச்சு."

சத்தியபாமா அருகில் நின்றிருந்தாள். விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். காமிராவையும், வழியில் ஒரு சீனக் கடையில் வாங்கிய பிலிம் சுருளையும் கொண்டுவந்து கணவர் கையில் வைத்தாள்.

"எடுங்கோ. கடல் தெரியாட்டிப் பரவாயில்லை. வெயில் முகத்தில விழட்டும்."

அவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அங்கம்மா கிழக்கே பார்த்துக் கண் கூச நின்றாள். குழந்தை வேறெங்கோ பார்த்தது. சத்தியபாமா அவர் தோளுக்குப் பின்னால் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

"செல்லம், இஞ்ச பார்! செல்லம்!"

தன் வாயில் வந்த பெயரைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். குழந்தை அவளைப் பார்த்தது. சோமசேகரம் படத்தை எடுத்தார். திரும்பியபோது அவள் மணலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். செல்லம் போன நாளிலிருந்து அவள் அழுது அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.