போர்த் தண்ணீரும் என் பின்னலும்

சோப்பு நுரைக்கவே இல்லை. தேய்க்கத் தேய்க்க, திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்து, ஊற்றிய தண்ணீரோடு போகாமல் முடிக்குள்ளேயே தங்கி, விரல் விட்டுக் கோதினால் மெழுகைத் தொட்டது போலப் பிசுபிசுவென்று ஒட்டியது. ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் நான் குளித்த முதல் குளியல் அது. எனக்கு அப்போது பதினொரு வயது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைக்க நாளாகும் என்று சொல்லிவிட்டதால், ஒரு மாடி வீட்டின் கீழ்ப் "போர்ஷனில்" குடியேறியிருந்தோம்.

அந்த வீட்டில் இரண்டு தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம் குழாயில் வருவது "மஞ்சீரா" ஆற்றுத் தண்ணீர். அது குடிக்க, சமைக்க மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் "போர்", அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். போர்த் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அது தொட்ட இடமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். பக்கெட்டின் உட்புறம், குழாயின் வாய், வெந்நீர் வைக்கும் தவலையின் அடி என்று எங்கும் பொரிப் பொரியாகப் படிந்த அந்த வெள்ளையை அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கத்தியால் சுரண்டுவாள். "சுண்ணாம்புத் தண்ணி, எலும்புக்கு நல்லது" என்று அப்பா சிரிப்பார். பாத்திரத்தில் படிந்ததைச் சுரண்டிவிடலாம், என் தலையில் படிந்ததை என்ன செய்வது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

அரக்கோணத்தில் என் பின்னல் இடுப்பைத் தொடும். கோயிலில் பின்னால் நிற்பவர்கள் அம்மாவின் தோளைத் தட்டி, "உன் பொண்ணா?" என்று கேட்கும் அளவுக்குப் பெயர் பெற்ற பின்னல். சீயக்காய் தேய்த்து வளர்த்தது. ஹைதராபாத்துக்கு வந்தபின் காலை அவசரத்தில் குளிக்கிற சோப்பையே தலைக்கும் போட வேண்டியதாயிற்று. நான்கைந்து மாதத்தில் முடி தேங்காய் நார் மாதிரி ஆனது. சீப்பு பாதியில் சிக்கி நிற்கும், இழுத்தால் "பட்" என்று சத்தம் கேட்கும். தலைத்தோல் வறண்டு இழுத்துப் பிடித்து, கணக்குப் பாடத்தின் நடுவே கையைக் கட்டிப்போட்டாலும் நிற்காத அரிப்பு. சொறிந்தால் நீல யூனிஃபார்ம் தோளில் மாவு கொட்டியது போல விழும். அதை மறைக்க அம்மா எண்ணெயைக் கூடுதலாக வைப்பாள். எண்ணெயும் சோப்புக் கசடும் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

விடுமுறைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்குது. மொட்டை போட்டுடு, புச்சா வளரும்" என்றாள். அத்தை ஊருக்குப் போகும்வரை அம்மா என் தலையைப் பின்ன அவள் கையில் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் நகமும் தலையும் பார்ப்பார்கள். ஒரு திங்கட்கிழமை வகுப்பாசிரியை என் பின்னலைக் கையால் தொடாமல் ஸ்கேலின் முனையால் தூக்கினார். "ஏமிதி? பேலா?" என்றார். ஏமிதி என்றால் தெலுங்கில் இது என்ன, பேலு என்றால் பேன். இல்லை மிஸ் என்று சொல்வதற்குள் வகுப்பு முழுவதும் சிரித்தது. என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். மத்தியானத்துக்குள் எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: "சுன்னம்". தெலுங்கில் சுண்ணாம்பு. என்னோடு தினமும் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்ட ஸ்வப்னாகூட அன்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனாள்.

சாயங்காலம் டைரியில் ஆங்கிலத்தில் நான்கு வரி. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். "முடியை வெட்டிட்டு வரச் சொல்லி எழுதியிருக்காங்க" என்று சொல்லி மூடப் போனேன்.

அம்மா டைரியைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வரி இருக்குது. நீ ஒரு வரிதானே படிச்சே? மீதி இன்னா?"

மீதியில், இந்தப் பெண் அழுக்காக வருகிறாள், வீட்டில் யாரும் கவனிப்பதில்லை, மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்று எழுதியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு படித்தேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வெட்டிட்டாப் போவுது. முடிதானே, வளரும்" என்றார்.

"முடி வளரும்" என்றாள் அம்மா. "அழுக்குப் பொண்ணுன்னு எழுதினாங்களே, அது?"

மறுநாள் மஞ்சீரா வருகிற நாள். குடம் நிரம்பியதும் அம்மா ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்தாள். அதே அளவு பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்தாள். எங்கள் குளியல் சோப்பில் ஒரு துண்டை வெட்டிக் காகிதத்தில் மடித்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். அவளுக்கு அப்போது காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் தெலுங்கு வரும். வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "நான் சொல்றதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தையை முழுங்கினே, அப்புறம் பாரு."

வகுப்பாசிரியையையும் அழைத்தார்கள். மேசைமேல் பாட்டில்களை வைத்து, இரண்டிலும் சோப்பைச் சீவிப் போட்டு, இரண்டு கையாலும் அம்மா குலுக்கினாள். அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. மஞ்சீரா பாட்டிலில் கழுத்துவரை நுரை பொங்கியது. போர்ப் பாட்டிலில் நுரையே இல்லை. கலங்கி, திட்டுத் திட்டாக வெள்ளை மிதந்தது.

"என் பொண்ணு தலையில இருக்கிறது இதுதான். பேன் இல்ல. நாங்க அழுக்கும் இல்ல. தெனம் குளிச்சதால வந்தது" என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்த ஆறு மாதத் தெலுங்கில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

தலைமை ஆசிரியை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஆயாவைக் கூப்பிட்டுப் பள்ளிக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு டம்ளரில் தாமே சோப்பைக் கரைத்தார். அதுவும் திரிந்தது. "மீ இன்ட்லோ?" என்று வகுப்பாசிரியையைக் கேட்டார். உங்கள் வீட்டில் எப்படி என்று அர்த்தம்.

"மா இன்ட்லோ கூடா போரே, மேடம்" என்றார் அவர். எங்கள் வீட்டிலும் போர்தான். சொல்லும்போது அவருடைய கை தன்னையறியாமல் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அதோடு கிளம்பலாம் என்று நான் நினைத்தேன். அம்மா டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். "எழுதினதை அடிச்சுத் தரச் சொல்லு." நான் தயங்கினேன். "சொல்லுடி!" சொன்னேன். வகுப்பாசிரியை முகம் சிவக்க, சிவப்பு மையால் நான்கு வரிகளுக்கும் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும் என்றாள் அம்மா. போட்டார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. அன்றே என் பழைய பெஞ்சுக்குத் திரும்பினேன். "சுன்னம்" என்ற பெயர் மட்டும் வருடம் முடியும்வரை போகவில்லை. நானும் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஸ்வப்னா பத்து நாள் கழித்து எலுமிச்சை சாதத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவள் தோளிலும் மாவு இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த வாரம் ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். முடி கொட்டவில்லை, நடுவில் உடைகிறது. தண்ணீரின் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் கசடு முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகிறது, தோலை உலர்த்துகிறது. தலைக்குச் சோப்பை நிறுத்துங்கள், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். அன்று முதல் தலைக்குக் குளிக்கிற நாளில் எனக்கு இரண்டு சொம்பு மஞ்சீரா. அந்த இரண்டு சொம்புக்காக அம்மா அரிசியைப் போர்த் தண்ணீரில் களைந்தாள், பருப்பையும் அதிலேயே வேகவைத்தாள். பருப்பு வேக நேரமாகிறது என்று அப்பா முணுமுணுத்த நாளில், "பருப்பு மெதுவா வேவட்டும்" என்று முடித்துவிட்டாள். அரிப்பு அடங்கியது. மாவு நின்றது. உடைந்த முடி மட்டும் உடனே ஒட்டிக்கொள்ளவா போகிறது?

இரண்டு வருடம் கழித்து, பின்னல் மறுபடி முதுகில் பாதிக்கு வந்திருந்த சமயம், எனக்கே அது வேண்டாம் என்று தோன்றியது. கழுத்தோடு வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்றேன். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியவள் சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். "அன்னிக்கு வெட்டியிருந்தா அவங்க சொன்னதுக்கு வெட்டினது. இன்னிக்கு நீ சொல்றே, வெட்டு" என்றாள் அம்மா. பார்லருக்குக் கூடவே வந்து உட்கார்ந்தாள். விழுந்த முடியை எடுத்துப் போக வேண்டுமா என்று பார்லர்க்காரம்மா கேட்டபோது, "கைக்கு?" என்று ஹைதராபாத் உருதுவான தக்கனியில் திருப்பிக் கேட்டாள், எதற்கு என்று.

அந்த மாடி வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி அடுக்ககம் நிற்கிறது. போர் வற்றிவிட்டது, லாரியில் தண்ணீர் வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் குடத்தோடு பெண்கள் கூடி நின்று சிரித்துச் சண்டை போட்ட அந்தக் காலை நேரமும் போய்விட்டது. இன்று யார் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நான் இதே ஊரில் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்கள் எல்லோருக்கும் தலைமுடியே கவலை. போன மாதம் திருவண்ணாமலைப் பெண் ஒருத்தி, படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று அழுதுகொண்டு வந்தாள். இப்படி முடி கொட்டினால் நாளைக்கு எவன் கட்டிக்குவான் என்று வீட்டில் சொல்கிறார்களாம். டாக்டரிடம் காட்டு, வேர் நன்றாக இருந்தால் பயமில்லை, அதற்காக ஒரு வகுப்பைக்கூட விடாதே என்றேன்.

அவள் போகவில்லை. சென்ற வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாள். முடியைக் கட்டி மறைத்துக்கொண்டு போகச் சொல்லி விடுதித் தோழிகள் கிளிப்போடு பின்னாலேயே வந்தார்களாம்; அவள் அப்படியே விரித்துவிட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினாள்.