ஜெயரூபியும் உமிக்குள் இருந்த காரும்

விசுவமடுச் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் என்னுடைய இரும்புக்கடை. அதை ஒட்டியிருக்கிற தகரக் கொட்டகை ஜெயரூபியின் கராஜ். ஆணி வாங்க, போல்ட் வாங்க என்று என் கடைக்கு வருகிற சனம் அவருடைய வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போய்விடும். என் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். வேண்டுமென்றால் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கச் சொல்லிவிட்டு, அவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு அடியில் புகுந்துகொண்டார்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. சண்டைக் காலத்தில் ஒரு வாகனத் திருத்தகத்தில் தொழில் பழகியவர். பக்கத்தில் விழுந்த ஷெல் ஒன்று வலது காதைக் கொண்டுபோய்விட்டது. இடது காதும் அரைவாசிதான். எஞ்சினில் என்ன பிழை என்று அறிய, நீளமான ஸ்குரூ ட்ரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த அதிர்வு எலும்பு வழியாகத் தலைக்குள் கேட்குமாம். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த மனுசிக்கு வலிப்பு வந்துவிட்டதோ என்று பயம் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. இப்போது என் கடைக்கு யாரும் புது ஆள் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வாகனத்தில் இருந்து கழற்றிய பழைய சாமானை எறியவும் மாட்டார், வைத்துக்கொள்ளவும் மாட்டார். தேய்ந்த பெயரிங், வெடித்த ரப்பர், ஒடிந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டி, வாகனம் யாருடையதோ அவர் கையில் கொடுப்பார். மாற்றாததை மாற்றினேன் என்று பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மற்றக் கராஜ்களில் கேட்டால் கொடுப்பார்கள். ஜெயரூபி கேட்காவிட்டாலும் கொடுப்பார். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவரை வீட்டுக்கே தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து சின்னராசா ஐயா அந்தக் காரைக் கொண்டுவந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தார்பூசிய படங்குத் துணியால் மூடிக் கட்டியிருந்தது. ஐயாவுக்கு எழுபது வயது. வடமராட்சியில் இருந்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி எடுத்து வந்த குடும்பம். வயலோடு சின்னதாக ஒரு நெல் ஆலையும் வைத்திருந்தவர். படங்கை விலக்கியதும் சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையில்லாத, நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்த ஒரு பழைய இங்கிலாந்துக் கார். துரு, கறையான் மண், எலிப் பொந்து. எங்கே தட்டினாலும் உமி கொட்டியது.

கார் சின்னராசா ஐயாவுடையது அல்ல. முல்லைத்தீவில் கடை வைத்திருந்த, ஐயா அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற றவூப் என்பவருடையது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளியேறச் சொன்னபோது, றவூப் நானா அதை ஐயாவின் ஆலையில் விட்டுவிட்டு மனைவி பிள்ளைகளோடு புத்தளத்துக்குப் போனார். இது உன்னிடம் அமானிதம் என்று சொல்லிக் காரின் திறப்பைக் கையில் கொடுத்தாராம். நம்பி ஒப்படைத்த பொருள், அதே மாதிரித் திரும்பவேண்டியது என்று அந்தச் சொல்லுக்கு ஐயா எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

கடைசிச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து எழும்பியபோது அதை ஆலை வளவில் இருந்த பங்கருக்குள் இறக்கி, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று உமியைக் கொட்டி நிரப்பி, மேலே மண் போட்டு மூடிவிட்டுத்தான் ஐயா ஓடினார். ஆலைக்காரருக்கு உமியை விட்டால் வேறென்ன தெரியும்? மாரி மழையில் உமி தண்ணீரைக் குடித்துக்கொண்டு காரோடு ஒட்டிக்கிடந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். திரும்பி வந்தபோது ஆலையின் இரும்பு எல்லாம் போய்விட்டது. கார் மட்டும் இருந்தது.

இப்போது றவூப் நானாவின் மகன் முல்லைத்தீவில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். வீடு முடிந்ததும் நானாவும் மனைவி றாபியாவும் ஊரோடு வந்துவிடுவார்கள். கார் எப்படி என்று நானா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், கிடக்கு நானா என்றே ஐயா சொல்லி வந்திருக்கிறார். அவர் வருவதற்குள், விட்டுப்போன நாளில் இருந்த மாதிரியே கார் நிற்கவேண்டும். அதுதான் ஐயாவின் வேண்டுகோள்.

ஜெயரூபி காரைச் சுற்றி வந்தார். இடது பக்கச் சீட் இல்லை. அந்தப் பக்கத்துப் பின்னுடம்பு வெட்டித் திறக்கப்பட்டு, முன்னிருந்து பின்வரை ஒரு நீளப் பலகை இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் போத்தலும் குழாயும். அது என்னவென்று எங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் வராத அந்தக் காலத்தில் போத்தலில் இருந்த சொட்டுப் பெட்ரோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் வன்னியில் வாகனம் ஓடியது.

ஐயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒருநாள் பாம்பு கடித்த பொடியன் ஒருவனைக் கொண்டுபோக ஊரில் வேறு வாகனம் இல்லை. படுக்க வைக்க இடம் வேண்டும் என்று தானே வெட்டினார். அதற்குப் பிறகு பிள்ளைப்பேறு, ஷெல் காயம், காய்ச்சல் என்று யார் வந்து கூப்பிட்டாலும் அந்தப் பலகையில் கிடத்திப் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உரியவரைக் கேட்காமல் வெட்டியது வெட்டியதுதானே என்றார். வெட்டின தடம் தெரியாமல் செய்து, அந்தப் பலகையை அடுப்பில் வைத்துவிடச் சொன்னார்.

"காரைச் செய்து தாறன் ஐயா. பலகையை எரிக்கமாட்டன். கழட்டினது கார்க்காரருக்குத்தான் போகும்" என்றார் ஜெயரூபி.

"பிள்ளை, அந்த மனுசன்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

ஜெயரூபி ஸ்பானரை எடுத்தார். பலகையையும் சட்டத்தையும் கழற்றி, துடைத்து, சுவரோரம் சாத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். எனக்கே கோபம் வந்தது. ஒரு வயதுபோன மனுசனை இப்படி வதைக்கவேண்டுமா என்று கேட்டேன். போல்ட் இருந்தால் தரும்படியும், புத்தி வேண்டாம் என்றும் சொன்னார்.

அடுத்த ஒரு வருசத்துக்கு மேல் நான் கண்டது என் வாழ்க்கையில் மறக்கமுடியாத வேலை. உழவு இயந்திரங்களையும் ஆட்டோக்களையும் பகலில் அனுப்பிவிட்டு, பின்னேரங்களில் அந்தக் காரோடு இருப்பார். உக்கிய அடித்தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார். வெட்டிய இடது பக்கத்தின் வளைவு எப்படி இருந்தது என்று சொல்ல யாரும் இல்லை. வலது பக்கம் முழுசாக இருந்ததே. அதன்மேல் மட்டையை வைத்து அளவு வெட்டி, மட்டையை மறுபுறம் திருப்பி, அந்த அளவுக்குத் தகட்டை மண் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டினார். சரிவரவில்லை. எறிந்தார். மறுபடி தட்டினார். நாலாவதோ ஐந்தாவதோதான் பொருந்தியது. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். எது பழையது, எது ஜெயரூபி செய்தது என்று என் கைக்குப் பிடிபடவில்லை.

நிறத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சிவப்பைச் சுரண்டினால் அடியில் இளம்பச்சை. கம்பனி அடித்தது பச்சை, அதுதான் அசல் என்று நான் சட்டம் பேசினேன். நானா விட்டுப்போன அன்றைக்கு என்ன நிறம் என்று ஜெயரூபி ஐயாவைக் கேட்டார். சிவப்பு என்றார். அத்தோடு கதை முடிந்தது. உள்ளே போடும் ரப்பர், பிரேக் சாமான், கண்ணாடி எல்லாவற்றுக்கும் கொழும்பு, நீர்கொழும்பு என்று தொலைபேசியில் சண்டை பிடித்தார். இடது சீட்டுக்கு வலது சீட்டைப் பிரித்துப் பார்த்து அதே தையலைத் தைப்பித்தார்.

எஞ்சினை எழுப்பிய நாளில் சந்தியே திரண்டு நின்றது. முதலில் இருமியது. பிறகு ஒரு வெடி வெடித்துச் சைலன்சரால் உமியைக் கக்கியது. கிட்ட நின்ற என் தலை, சட்டை, வாய் எல்லாம் உமி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயரூபி மட்டும் ஸ்குரூ ட்ரைவரைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சின்னராசா ஐயா கிழமைக்கு ஒருதரம் வருவார். காரைப் பார்ப்பார், பிறகு சுவரோரம் கிடந்த பலகையைப் பார்ப்பார். வீடு முடியும் தறுவாய்க்கு வந்தபோது அவர் நன்றாக மெலிந்துவிட்டார். கடைசிமுறை வந்தபோது ஜெயரூபி அவருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் குந்தியிருந்து சொன்னார்:

"ஐயா, பலகையை நான் குடுத்தால் அது பழைய சாமான். நீங்கள் குடுத்தியள் எண்டால் அது நீங்கள் செய்த வேலை. யோசிச்சுப் பாருங்கோ."

றவூப் நானாவும் றாபியாவும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தொழுகை முடிந்து, வாடகை வானில் வந்து இறங்கினார்கள். கார் கராஜ் வாசலில் வெயிலில் நின்றது, பக்கத்தில் ஐயா. நானா அதைக் கண்டதும் நின்றுவிட்டார். பிறகு போய் முன் மூடியில் இரண்டு கைகளையும் வைத்தார். ஒரு சின்னக் கீறல்கூட இல்லையே என்று மனைவிக்குச் சொன்னார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். இதோடு விட்டுவிட்டால் என்ன என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. ஜெயரூபி கைகளைக் கட்டிக்கொண்டு ஐயாவைப் பார்த்தபடி நின்றார்.

ஐயா உள்ளே போனார். பலகையைச் சட்டத்தோடு தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். உதவிக்குப் போன என்னை வேண்டாம் என்றார். அதை நானாவின் முன்னால் நிலத்தில் வைத்தார்.

"நானா, உங்கட காரை நான் வெட்டினனான். கேக்காமல் வெட்டினனான். இதிலைதான் ஆக்களைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். பிறகு நீங்கள் வருவியள் எண்டு பயந்துபோய் இந்தப் பிள்ளையைக் கொண்டு வெட்டினதை மறைப்பிச்சனான்."

நானா குனிந்து பலகையைப் பார்த்தார். அதில் இரத்தம் ஊறிக் கறுத்துப்போயிருந்த இடங்களைப் பார்த்தார். எத்தனை வருசம் ஓடியது என்று மெல்லக் கேட்டார். கடைசிச் சண்டையில் ஊர் எழும்புமட்டும் என்றார் ஐயா. றாபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சின்னராசா" என்றார் நானா. "எங்களைப் போகச் சொன்ன நாள் தொட்டு, இந்த ஊருக்கு நாங்க ஒண்டும் இல்லை எண்டுதான் நான் புத்தளத்தில கிடந்து வெந்தனான். என்ர கார் இந்தச் சனத்தைச் சுமந்திருக்கு. இதை ஏனடா எனக்கு அப்பவே சொல்லேல்ல?"

நானா ஐயாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஜெயரூபி எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து ஜெயரூபி கார்த் திறப்பை நீட்டினார். நானா வாங்கவில்லை. முதலில் அந்தப் பலகையை நானாவும் ஐயாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வானுக்குள் ஏற்றினார்கள். அது அசையாமல் இருக்கிறதா என்று நானா இரண்டுமுறை தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் திறப்புக்குக் கை நீட்டினார்.