சிவப்புத் துணி கட்டிய உருவம் பேசாது

கடைக்காரர் முதலில் வயதைக் கேட்டார். அடுத்து, "பாப்பா இங்கிலீஷ் படிக்குமா சார்?" என்றார். மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்றேன். ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்தக் கடை. செல்போன் உறை, ரீசார்ஜ் கார்டு, பழைய வீடியோ கேம் பெட்டி, பிரதி எடுத்த சிடி எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரியில் கிடந்தன. பெட்டியை முந்தைய வாரமே வாங்கியிருந்தேன். அதோடு வந்த கார் பந்தயம் மகளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது.

"ரத்தம் இருக்கக் கூடாது. சீக்கிரம் முடியவும் கூடாது" என்றேன்.

"சண்டையே வேணாம்னா கேரம்போர்டு வாங்கிகினு போங்க சார்." சிரித்துவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "இது ஆர்.பி.ஜி. வெட்டு குத்து கம்மி, பேச்சுதான் ஜாஸ்தி. பாப்பாதான் அதுல வர்ற ஆளு. ஊர் ஊரா போவணும், நாலு பேர கூட சேத்துக்கணும். லீவு முடிஞ்சிடும், இது முடியாது."

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மனைவிக்குச் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. பொங்கல் முடிந்ததும் அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் வருவாள். பிரிந்துவிட்டோம் என்று இருவரும் சொல்லவில்லை. நான் ஒரு நாளிதழுக்கு ஆரணிச் செய்திகளை அனுப்பிக்கொண்டு இங்கேயே இருந்தேன். ஜூன் மாதம் மகளை எந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவது என்பதில் பேச்சு நின்றுபோயிருந்தது. கடைசியில் இரு வீட்டாரும் ஒரு வழி கண்டார்கள். மே கடைசி ஞாயிறன்று மனைவியின் அண்ணனும் என் அக்காவும் வருவார்கள். குழந்தையை நடுவில் உட்கார வைத்து, யாரோடு இருக்கப் போகிறாய் என்று கேட்பார்கள். அவள் சொல்வதே முடிவு.

முடிவடையாத ஒரு விளையாட்டு ஆரணி வீட்டில் இருந்தால் பதில் என் பக்கம் சாயும் என்று நினைத்தேன்.

அன்று மாலை சிடியைப் போட்டதும் என் தவறு தெரிந்தது. உறையில் இருந்த ஆங்கிலத் தலைப்பைத்தான் பார்த்திருந்தேன். திரையில் வந்ததெல்லாம் ஜப்பானிய எழுத்து. தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்ன உருவம் ஒரு கிராமத்தில் நின்றது. அதைத்தான் மகள் நடத்த வேண்டும். எதிரே வந்த ஒவ்வொருவரும் கட்டம் கட்டமாகப் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை.

"மாத்திகினு வந்துடறேன் பாப்பா."

"வேணாம்பா. நானே பேசிக்கிறேன்."

பேசிக்கொண்டாள். ஆடு மேய்க்கும் கிழவருக்கு மூக்கடைத்த குரல். கடைக்காரிக்கு எங்கள் தெருக் காய்காரம்மாவின் குரல்: "இன்னா, கைய வச்சிகினு நிக்கற? வாங்கறதுன்னா வாங்கு." நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி எழுதியபடியே சிரித்தேன். சில நாட்களில் சிவப்புத் துணியோடு இருவர் சேர்ந்தார்கள். வாள் வைத்த ஒருவர், நீல உடுப்பில் ஒரு பெண்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் ஒரு விசைத்தறிப் பட்டறை. காலையில் தறிகள் ஓட ஆரம்பித்தால் சமையலறையில் இருப்பவர் கூப்பிடுவது கூடத்தில் கேட்காது. மனைவி இங்கிருந்தவரை எங்கள் சண்டைகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. தறி ஓடும்போது கதவைச் சாத்திக்கொண்டு கத்துவோம். மின்சாரம் நின்றால் தறியோடு நாங்களும் நிற்போம், வாக்கியம் பாதியில் இருந்தாலும்.

ஒரு காலை, தறி ஓடிக்கொண்டிருந்தபோது, திரையில் நீல உடுப்புப் பெண்ணும் வாள்காரரும் எதிரெதிரே நின்றார்கள். மகள் பெண்ணுக்குக் குரல் கொடுத்தாள்.

"நான் சம்பாரிக்கிறது உங்களுக்குக் கேவலமா இருக்குதா?"

பிறகு வாள்காரருக்கு: "போறதா இருந்தா போ. புள்ளைய உட்டுட்டுப் போ."

பிறர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்வது என் தொழில். முதலாவது மனைவி சொன்னது, அடுத்தது நான் சொன்னது; ஒரு சொல் மாறவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியது நாங்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவளுக்கு அது ஒரு தடையே இல்லை.

"இந்தச் சின்ன ஆள் என்னா சொல்லுது?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

"அது பேசாதுப்பா. கேட்டுகினே இருக்கும்."

அதற்குப் பின் அவள் ஆடுவதைக் கவனித்துப் பார்த்தேன். கதை ஒரு பாலத்தில் போய் நின்றது. பாலத்தின் நடுவில் வாள்காரர் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம். கீழே ஒரு கட்டத்தில் இரண்டு வரிகள். ஒன்றைத் தேர்ந்தால்தான் மேலே போக முடியும். அங்கே வந்ததும் மகள் பெட்டியை அணைத்துவிட்டு, மறுநாள் பழைய ஊரிலிருந்து திரும்ப நடந்து வருவாள். திரும்பப் பாலம். திரும்ப அணைப்பாள்.

சனிக்கிழமை கேட்டேன். "ஏன் நிறுத்திடற?"

"ஒருத்தர் போயிடுவாங்கப்பா." பொத்தான்கள் வைத்த விளையாட்டுக் கைப்பிடியை என்னிடம் நீட்டினாள். "நீ வேணா அமுக்கு."

எனக்கும் படிக்கத் தெரியாது. அமுக்கினேன். வாள்காரர் தலையைக் குனிந்துவிட்டுத் திரும்பி நடந்து, திரையின் இடது ஓரத்தில் மறைந்தார். மகள் அவருக்கு எந்தக் குரலும் கொடுக்கவில்லை. கைப்பிடியை வாங்கிக்கொண்டு மற்ற இருவரையும் பாலத்தைத் தாண்ட வைத்தாள். இத்தனை நாள் அந்த இடத்தைத் தாண்டாதவள், அன்று சாப்பிடக் கூப்பிடும்வரை ஆடினாள்.

மறுநாள்தான் அந்தக் கடைசி ஞாயிறு. மனைவியும் அவள் அண்ணனும் என் அக்காவும் வந்தார்கள். ஞாயிறென்பதால் தறி ஓடவில்லை. மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். தறிச் சத்தம் இல்லாமல், கூடத்தில் கேட்காதபடி பேசி எங்களுக்குப் பழக்கமில்லை.

"பாப்பாவக் கேக்க வேணாம். நாமளே முடிவு பண்ணிடலாம்."

"திடீர்னு என்னா? அவ உங்க பக்கம் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சிடுச்சா?"

"அது இல்ல. நாம பேசினது எல்லாம் அதுக்குத் தெரியும். வார்த்தை மாறாம தெரியும்." மகள் குரல் கொடுத்ததைச் சொன்னேன்.

மனைவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்திலிருந்து அக்கா கத்தினாள்: "டேய், உள்ள இன்னா மாநாடு? ஜல்தியா வாங்க, எனக்குப் பஸ்ஸு போயிடும்."

"பாப்பாவ நீயே கூட்டிகினு போ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே போய், "புள்ளைய கேக்க வேணாம் அண்ணி. நாங்க பேசிட்டோம்" என்றாள். மச்சான் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மகளிடம் கொடுத்தார்.

ஜூன் மாதம் மகள் செய்யாறு போனாள். வீடியோ கேம் பெட்டியையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். அவள் பிரித்து வெளியே எடுத்து டிவிக்கு அடியில் வைத்தாள். "இங்கியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம வருவேன் இல்ல?"

வந்தாள். தறி ஓடாத ஞாயிறுகளில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. நீல உடுப்புப் பெண்ணுக்குப் புதிய வசனங்கள் வந்திருந்தன: "சீக்கிரம் துன்னு, கம்பெனி பஸ்ஸு வந்துடும்." "கதவத் தாப்பா போட்டுக்க, யார் வந்தாலும் தொறக்காத." ஒரு ஊரின் வாசலில் காவலாளி ஏதோ கேட்டான். மகள் அவனுக்குத் தடித்த குரலில், "வாள்காரரு எங்க போயிட்டாரு?" என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் பதிலும் சொன்னாள்.

"அவரு ஆரணியில இருக்காரு. நாம கூப்ட்டா நம்ம கூடவே வந்து இருப்பாரு."

எழுதுவதை நிறுத்தினேன். இது செய்யாற்றில் யாரோ சொல்லி இவள் காதில் விழுந்ததா, இவளே சேர்த்ததா என்று தெரியவில்லை. செய்தியென்றால், சொன்னவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அனுப்ப மாட்டேன். மாலை மனைவி அவளைக் கூட்டிப்போக வந்தபோது, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.