படித்ததும் அழிந்த குறி

எண்பதுகளில், ரயில் சிக்னலுக்கு மின்சாரம் தரும் பெட்டிகள் செய்யும் திருத்தணி கம்பெனி ஒன்றில் சோதனை என் வேலை. பெட்டியை அளக்கும் மீட்டரைக் கம்ப்யூட்டர் இயக்கும். கோளாறு கண்டால் மீட்டர் தன் நினைவில் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் என்ற இடத்தில் குறித்துக்கொள்ளும்; கம்ப்யூட்டர் அதைப் படித்துத் திரையில் காட்டும். அன்று ஒரு பெட்டிக்கு அந்தக் குறி திரையில் வந்தது. முதலாளியைக் கூப்பிட்டேன். ரிஜிஸ்டரை மறுபடி படிக்கச் சொன்னார். பூஜ்யம் என்று வந்தது; குறி இல்லை.

"ஒண்ணுமில்லையே! லாரி காத்துகினு இருக்குது."

"ஒருமுறை படிச்சா குறி அழிஞ்சிடும் சார். நான் பார்த்தேன்."

"சாக்கு சொல்லாதம்மா."

என் முகம் சுண்டிப்போனது. சரக்கெடுக்க அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ரயில்வே அதிகாரி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழு சோதனையும் இன்னொரு தபா பண்ணுங்கம்மா. நானும் பாக்கறேன்."

குறி வந்தது. அந்தப் பெட்டி லாரி ஏறவில்லை.

நான் சொன்னது நிஜமென்று தெரிந்ததைவிட, தெரியும் முன்பே அவர் வந்து உட்கார்ந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது.