இரண்டு கார்புரேட்டர், ஒரு வாஷர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சூளகிரியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பெங்களூர்க்காரர்கள் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் போனார்கள். ஞாயிறு வந்தால் அவர்களுக்கு இது ஒரு வேலை. இத்தனை தூரம் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதில் ஒன்று, சிவப்பாக, தாழ்வாக, இரண்டே பேர் உட்காரக்கூடிய கார், எனக்கு நேர் எதிரே வந்து முக்கி முனகி நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். குப்பென்று பெட்ரோல் வாசனை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் ஒதுங்கிவிட்டேன். பேரன் பேத்தி எடுக்கிற வயது எனக்கு. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, வெயிலு" என்றேன். மணி ஏழரை, பனி இன்னும் விலகவில்லை.

பயம் என் கூடவே பிறந்தது. பல்லிக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், ரிஜிஸ்டர் தபால் வந்தால் கையெழுத்துப் போடப் பயம். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பவே யோசிப்பார். அதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இந்தப் பெட்ரோல் வாசனைக்கு நான் பயப்பட ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அது ஒரு சனிக்கிழமை.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன அலுமினிய வார்ப்புக் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கெலமங்கலத்திலிருந்து பஸ். என்னோடு இன்னும் மூன்று பெண்கள். வார்ப்பில் பொத்தல் இருக்கிறதா, அளவு சரியா என்று பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். கம்பெனி எங்களுக்கு ஆளுக்கொரு நீல ஓவர்கோட் கொடுத்திருந்தது. எல்லாம் ஆம்பிளை அளவு. கையை நான்கு மடிப்பு மடித்தால்தான் என் விரல் வெளியே தெரியும். என் அம்மா ஒரே ஒரு எச்சரிக்கைதான் விடுத்திருந்தாள்: "வேல போச்சுன்னு வந்து நின்ன, அடுத்த முகூர்த்தத்துல கல்யாணந்தான்." மாப்பிள்ளை யார் என்றும் எனக்குத் தெரியும். அதனால் அந்த வேலையைக் குரங்குக்குட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பெங்களூர்க்காரர், வீட்டில் கன்னடம். அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அதில் ஒற்றைக் கார்புரேட்டர். அதைத் தூக்கிவிட்டு இரண்டு வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும். அந்தக் கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற கிளைக் குழாய்தான் மேனிஃபோல்டு. கார்புரேட்டர் இரண்டானால் பழைய மேனிஃபோல்டு ஆகாது. புதிதாக வேண்டும். "நம்ம கம்பெனியிலயே வார்ப்போம்" என்றார். முதல் இரண்டு வார்ப்பில் பொத்தல், நான்தான் தள்ளினேன். மூன்றாவதைச் சமதளக் கல்லின் மேல் வைத்து, நீல மை தடவி மட்டம் பார்த்து, முத்திரை குத்தினேன். அடுத்த ஞாயிறு பெங்களூரில் பழைய கார்கள் கூடுகிற இடத்தில் அதைக் காட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அதைப் பொருத்துகிற வேலை ஃபிட்டர் முனிரத்தினம் அண்ணனுடையது. பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். முன்பு வேலை பார்த்த பெரிய கம்பெனி மூடிவிட்டதால் இரண்டு வருஷம் சும்மா இருந்து, பிறகு எங்களிடம் வந்தவர். "இந்த எடமாவது நெலச்சி நிக்கணும் பாப்பா" என்று எப்போதும் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மிக்சரில் இருக்கும் கடலையை மட்டும் பொறுக்கி எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார், அவர் பல்லுக்கு அது ஆகாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மேனிஃபோல்டை இன்ஜினில் மாட்டியாகிவிட்டது. அடியில் இருக்கிற ஒரு நட்டுக்கு மட்டும் அவர் கை நுழையவில்லை. "உன் கை சின்னது பாப்பா. வாஷரப் போட்டு நட்ட ரெண்டு சுத்து சுத்தி வுடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு ஒரே பெருமை. காருக்குள் தலையை விட்டேன். பழைய இன்ஜின், எங்கு பார்த்தாலும் கிரீஸ், மூக்கில் ஏறுகிற பெட்ரோல் வாசனை. மேனிஃபோல்டின் இரண்டு வாயும் மேல் பார்த்துத் திறந்திருந்தன. கார்புரேட்டரை இனிமேல்தான் வைக்க வேண்டும். அதுவரை வாயில் அடைத்திருந்த பனியன் துணியை அப்போதுதான் எடுத்திருந்தார். இரண்டு வாய்க்கும் நடுவில் கையைக் கீழே விட்டேன். விரல் நுனியில் ஸ்பிரிங் வாஷர், சின்ன இரும்பு வளையம். கொஞ்ச நேரம் தடவினேன். கையை எடுத்து வேறு பக்கமாக விட்டேன். அப்புறம் பார்த்தால் விரலில் வாஷர் இல்லை.

கீழே விழுந்திருந்தால் 'டிங்' என்று கேட்டிருக்கும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. திறந்த வாயைப் பார்த்தேன், இருட்டு. அதற்குள் விழுந்திருந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்த மறு நிமிடம் உள்ளே எல்லாம் நொறுங்கும் என்பது எங்கள் மேசையில் டீ கொடுக்கிற அக்காவுக்குக்கூடத் தெரியும். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் இப்போது நினைக்கிறீர்களோ, அதைச் செய்யவில்லை. டப்பாவிலிருந்து இன்னொரு வாஷரை எடுத்துப் போட்டு, நட்டைச் சுற்றிவிட்டு, "ஆச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான்கு மணிக்கு முதலாளி வருவார். அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் சொல்வேன். தள்ள வேண்டிய வார்ப்புக்கெல்லாம் முத்திரை குத்தினேன், நல்லதைத் தள்ளினேன். வேலை போய்விடும். அம்மா, முகூர்த்தம், அந்த மாப்பிள்ளையின் மீசை. மூன்று தடவை பாத்ரூம் போனேன். டீயோடு வந்த போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி வந்தார். "ஆய்த்தா?" என்று கேட்டார். ஆயிற்றா என்று அர்த்தம். "ஆச்சுங்க சார்" என்றார் அண்ணன். முதலாளி காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டபோதுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் அண்ணன் காதருகில் சொன்னேன்.

"அண்ணா, ஒரு வாஷரு காணோம்."

"எப்ப?"

"அடி நட்டு போடறப்ப."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு நேரே போய்க் கார் கதவில் கை வைத்தார். "சார், ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒரு வாஷரு உள்ள வுழுந்துருக்குமோன்னு சந்தேகமா இருக்குது."

"யார் விட்டது?"

"நான்தாங்க சார்."

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். முதலாளி திட்டக்கூட இல்லை, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். அண்ணன் காலையிலிருந்து மாட்டியதையெல்லாம் கழற்றினார். ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தார். அப்புறம் மண்டி போட்டுக்கொண்டு அதே காந்தத்தைக் காருக்கடியில் தரை முழுக்க இழுத்தார். எங்கள் தரையில் கிடப்பதெல்லாம் அலுமினியச் சுருள், காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வாஷராகத்தான் இருக்கும். ஒன்றும் ஒட்டவில்லை. "சரி, திங்கக்கிழமை பெங்களூர்ல இருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்து இன்ஜின் தலையைத் தூக்கி உள்ள பாக்கறேன்" என்று வெளியே வந்து சொல்லிவிட்டு முதலாளி ஆட்டோவில் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவருக்குப் போயிற்று.

ஞாயிறு காலை ஓவர்கோட்டைத் துவைக்க எடுத்தேன். கை மடிப்பைப் பிரித்தேன். துணி துவைக்கிற கல்லின் மேல் 'டிங்' என்றது. முதல் நாள் கேட்கக் காத்திருந்த அதே சத்தம். கையை மேலே தூக்கினபோது கிரீஸில் வழுக்கி மடிப்புக்குள் போயிருக்கிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் இரண்டு பங்கானது. நேற்று சொல்லியிருந்தால் வெறும் கைத்தவறு. இன்றைக்குச் சொன்னால் அண்ணன் ஏன் பொய் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனேன். வாட்ச்மேனிடம் சொன்னால்கூடப் போதும், முதலாளிக்குத் தகவல் போய்விடும். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "மணி என்னங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். எனக்கு ஒரு யோசனை உதித்திருந்தது, என் மூளைக்கு அது பெரிய யோசனை. யாரும் வருவதற்கு முன்னால் செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து, வாஷரைக் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டேன். கிடைத்தால் முடிந்தது பிரச்சினை. இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

வந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார். முதலாளி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இல்லே இத்து" என்றார் கன்னடத்தில். இங்கேயேதான் இருந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு முனிரத்தினம் அண்ணனிடம் திரும்பினார்.

"கீழ குனிஞ்சு தேடத் தெரியாதா உனக்கு? கண்ணுக்கு முன்னாடி கெடக்கறத விட்டுட்டு என் வண்டியப் பிரிச்சுப் போட்டியா? உன் கையில எதக் குடுக்கறது நான்? நாளையில இருந்து வரவேணாம்."

காந்தம் போட்டு இழுத்த இடம் அது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாஷர் அங்கே இருந்ததில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், என் துவைத்த ஓவர்கோட்டை, புதிதாக மடித்திருந்த கையை. எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். "வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். மத்தியானம் இரண்டு கார்புரேட்டரோடு அந்தக் கார் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது, எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

ஒரு வருஷம் கழித்து, கல்யாணமாகி (அந்த மீசை இல்லை, வேறு ஆள்), வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பாகலூர்ப் பக்கம் முனிரத்தினம் அண்ணன் வீட்டை விசாரித்துப் போனேன். அவர் சம்சாரம்தான் இருந்தார். அண்ணன் எங்கெங்கோ கேட்டு, கடைசியில் லாரிக்குக் கிளீனராக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். ஃபிட்டர், லாரிக் கிளீனர். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, அந்த இன்ஸ்பெக்‌ஷன் பாப்பாவா. சொல்லியிருக்காரு. ரொம்ப பயந்த புள்ள, நல்ல புள்ளன்னு."

"வேற எதுனா சொன்னாராக்கா?"

"வேற ஒண்ணும் சொல்லலியே. ஏம்மா?"

சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். நான் அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்றுவரை என் வீட்டுக்காரருக்கு எதற்குப் போனோம் என்று தெரியாது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஏதோ கிடங்கு, வாசலில் நாள் முழுக்கப் பார்சல் வண்டிகள். என் பையன் வேலை செய்கிற இடத்தில் கரண்டில் ஓடுகிற வண்டி செய்கிறார்கள். கார்புரேட்டரைக் கையில் கொடுத்தால் அது என்ன என்று கேட்பான். இன்ஸ்பெக்‌ஷனைக்கூட கேமரா பார்க்கிறதாம், அதற்குப் பயமெல்லாம் இல்லை.

மூன்று மாதம் முன்பு நான் தனியாகப் பாகலூர் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், மூன்றே வாக்கியம். அந்தத் தெரு இருந்த இடத்தில் மனைப் பிரிவு போட்டிருந்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்து எண் எழுதிய கற்கள். பக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன், அந்த வீட்டு ஆட்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார். வெயிலில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு எனக்குத் துளிகூடப் பயமாக இல்லை. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.