இடம் பார்த்து உதைத்த காலம்

துரைக்கும் ஆளுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கிற உத்தியோகத்தில், நல்ல வார்த்தை பாதிதான் போய்ச் சேரும். வசவு மட்டும் மொழிபெயர்ப்பே இல்லாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். மலாயாவில் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களில் கிராணியாகக் குமாஸ்தா வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று கப்பலேறிப் போய், சில வருஷம் இருந்தும் பார்த்து, ஐம்பதை நெருங்குகிற வயசில் மறுபடி மூவாருக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். சாயங்காலம் ஆற்றோரம் உட்கார்ந்தால் பழைய துரைமார் ஒவ்வொருவராக நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில், மற்ற வெள்ளைக்காரர்களே சந்தேகமாகப் பார்த்த ஒருவர் உண்டு. லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வருகிற தோட்டத்துக்கு மேனேஜராக வந்த அமெரிக்கத் துரை அவர். அவரிடம் எனக்கு ஆபீஸ் வேலை பாதி. அவர் நாட்டுப் பந்தாட்டத்தைத் தமிழில் சொல்கிற வேலை மீதி.

விளக்கம்

அந்தப் பந்து உருண்டையாக இருக்காது. மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். அதை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும்; எதிராளிகள் மறித்துத் தள்ளுவார்கள். நாலு முறை முயன்று பத்து கெஜமாவது முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். இல்லாவிட்டால் அவர்களுக்குப் போய்விடும். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் நமக்குப் புள்ளி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பால் வெட்டுகிற ஆட்களை நிறுத்தி வைத்து இதையெல்லாம் எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் சொன்னேன்.

‘மறித்துத் தள்ளுவது’ என்ற இடத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்த துரைக்கு என் தமிழில் நம்பிக்கை போய்விட்டது. பந்தை என் கையில் கொடுத்தார், பத்தடி பின்னால் போனார், ஓடி வந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு நான் சேற்றிலிருந்து எழுந்தபோது ஆட்களை மேய்க்கிற வீரப்பக் கங்காணி கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: “போதும் கிராணி ஐயா. இத்தனை நாளா நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் எல்லாருக்கும் ஒரே தடவையில புரிஞ்சுது.”

பந்தயம்

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தோட்டத்துக்கும் ஒரு அமெரிக்கர்தான் துரை. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே வாத்தியாரிடம் பந்தாடியவர்கள். அதனால் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. இரண்டு தோட்டத்துக்கும் பந்தயம் என்று முடிவானது அப்படித்தான்.

எங்கள் ஆட்களில் காற்றாய் ஓடுகிறவன் மாரிமுத்து. அவன் பெண்சாதி வள்ளியம்மை அக்கரைத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கோயில் திருவிழாவில் கல்யாணம் ஆனது. ஆனபிறகும் குடியிருப்பு அவளுக்கு அந்தத் தோட்டத்து லயத்தில், இவனுக்கு இந்தத் தோட்டத்து லயத்தில். ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டம் சம்மதமில்லாமல் சேர்க்கக் கூடாது என்று துரைமாருக்குள் ஒரு பேச்சு. அக்கரைத் துரையிடம் சம்மதம் கேட்க எங்கள் துரைக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவனுக்குக் கடமைப்பட்டுவிடுவோமாம். “பந்தயத்தில் ஜெயித்துக் கொடு, ஜெயித்தவனாகப் போய்க் கேட்கிறேன்” என்றார். நான் அதை மாரிமுத்துவிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பந்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “பொண்ணு கேட்டுப் போனப்போ மாமனார்கூட என்னை ஓடிக் காட்டச் சொல்லலீங்க” என்றான்.

நிரை

ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடாக மைதானம் முழுக்கச் சுண்ணாம்பு போட்டார் துரை. அன்றைக்கு ஆட்டம் அடியோடு நின்றுபோனது. பந்தைத் தூக்கிக்கொண்டு நன்றாக ஓடுகிறவன் கோடு வந்ததும் நிற்கிறான். அடுத்த கோட்டுக்குள் இருப்பவனிடம் பந்தை மரியாதையாக ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறான். அங்கே இருப்பவன் நம் ஆளா எதிராளியா என்றுகூடப் பார்ப்பதில்லை.

நம்மவர்களுக்குத் தெரியும்: தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை மரம். அடுத்தவன் நிரையில் கால் வைத்தால் லயத்தில் ராத்திரி வரைக்கும் சண்டை ஓயாது. துரைக்கு அது தெரியாது. தலையில் கைவைத்துக்கொண்டு, கோட்டில் நின்ற சடையனைக் கூப்பிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கச் சொன்னார். சடையன் துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான்: “அது கோவிந்தன் நிரைங்க. நான் பாட்டுக்கு உள்ள போயிடுவேன். நாளைக்கு அவன் என் மரத்துல கத்தி வெச்சா இந்தத் தொரையா வந்து கேப்பாரு?”

மூன்று கொடி

கோடுகளை அழித்துவிட்டு மூன்று கொடி நட்டார். நம் கடைசிக் கோட்டுப் பக்கம் சிவப்பு, நடுவில் மஞ்சள், எதிராளியின் கோட்டுப் பக்கம் பச்சை. அவருடைய வேதமே இதுதான்: பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்க்காதே, எந்த இடத்தில் இருக்கிறது என்று பார். சிவப்புப் பக்கம் பந்து கிடைத்தால் ஓடிப் பார்க்கிற ஆசையே கூடாது. முதல் முயற்சியிலேயே தூர உதைத்துவிட வேண்டும். அங்கே தவறவிட்டால் வீட்டு வாசலிலேயே எதிராளிக்குக் கொடுத்த மாதிரி. மஞ்சளில் இரண்டு தடவை ஓடிப் பார்க்கலாம், பிறகு உதை. பச்சைக்குப் போய்விட்டாலோ உதைக்கிற பேச்சே கிடையாது. நாலு தடவையும் முட்டி மோதி உள்ளே போ.

கையில் வந்ததை வலியக் கொடுப்பதா என்று மாரிமுத்துவுக்கு மனசே வரவில்லை. படித்த எனக்கும் அது பிடிபட நாளானது. வீரப்பக் கங்காணிதான் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினார். “இதுக்கு எதுக்கு ஐயா மூணு கொடி? பங்களா வாசல்ல நிக்கும்போது எந்தக் கேள்வி வந்தாலும் உடனே அடுத்தவன் பக்கம் உதைச்சு விட்டுடணும். காட்டுக்குள்ள போயிட்டா நாமதான் தொரை. இதைத்தானே நான் தினம் ஆடுறேன்.”

உதை

பந்தயம் அக்கரைத் தோட்டத்தில். இரண்டு லயத்துச் சனமும் வந்திருந்தது. வள்ளியம்மை பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்றாள். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது: அந்தத் துரையும் அதே வாத்தியாரிடம்தானே படித்தவர். அவர் பக்கமும் மூன்று கொடி. நம் ஆள் உதைப்பான், அவர்கள் எடுத்து உதைப்பார்கள், நாம் எடுத்து உதைப்போம். ஆட்கள் அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்தார்கள். பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்திலிருந்து வந்து கச்சாங் கடலை விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார், என்னிடம் கேட்டார்: “அலமாக், ரெண்டு பேருக்கும் வேணாம்னா அந்தப் பந்தை எனக்குக் குடுத்துடுங்க லா, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்.”

முடிகிற சமயம் மாரிமுத்துவின் கையில் பந்து வந்தது. சிவப்புக் கொடிப் பக்கம். ஆனால் எதிரே கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் வெறிச்சென்று கிடந்தது. ஓடினால் அவன் போய்விடுவான் என்று ஆட்டம் தெரியாத பெண்களுக்கே தெரிந்தது. அவன் துரையைப் பார்த்தான். துரை கத்தினார். “உதை” என்று நான் சொன்னேன். அவன் உதைத்தான். பந்து கித்தா மரங்களுக்குள் போய் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்தது. இரண்டு பக்கமும் புள்ளி இல்லை.

துரைக்குப் பரம திருப்தி. ஒரு கெஜம்கூட விட்டுக்கொடுக்கவில்லை, இடத்தைப் பார்த்தால் நம் கைதான் மேல் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மாரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “அப்போ வள்ளி எந்த இடத்துல இருக்கா ஐயா?”

லாரி

எங்கள் லாரி பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கடைசியாக ஒரு சட்டியும் துணி மூட்டையும் இறங்கின. அவற்றுக்குப் பின்னால் வள்ளியம்மை. மாரிமுத்துவைப் பார்த்தேன், அவன் வாய் பிளந்து நின்ற விதத்தில், அவனுக்கும் இது புதுச் செய்திதான் என்று தெரிந்தது. காரில் பின்னால் வந்த துரை இறங்கி, யார் இவளை ஏற்றியது என்றார். கங்காணி டிரைவரைக் கேட்கச் சொன்னார். டிரைவர், தான் முன்னால் பார்த்து ஓட்டுகிறவன், பின்னால் நடப்பது கங்காணி பொறுப்பு என்றார். கங்காணி, பெண்கள் விஷயம் கிராணி ஐயாவுக்குத்தான் தெரியும் என்று என் பக்கம் கை காட்டினார்.

வள்ளியம்மை சட்டியைக் கீழே வைத்தாள். “இவங்களை எதுக்குக் கேக்குறீங்க. நானாத்தான் ஏறி வந்தேன். அக்கரையில இருந்துகிட்டு எத்தனை தடவை கேட்டாலும் முடியாதுன்னாங்க. இப்ப இங்க நிக்கிறேன். தொரை என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொன்னேன். திருப்பி அனுப்பினால் அக்கரைத் துரை சிரிப்பார். வைத்துக்கொண்டால் சண்டைக்கு வருவார். துரை தொப்பியைக் கழற்றினார், சட்டியைப் பார்த்தார், வந்த பாதையைப் பார்த்தார், அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். நாளைக்கு அக்கரையோடு தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறும்போது என்னிடம் ஒரே வாக்கியம், அதை மட்டும் நான் சத்தமாகத் தமிழில் சொன்னேன்: “இவ்வளவு உள்ளே வந்தபிறகு எவனும் திருப்பி உதைக்க மாட்டான்.”

துரை நட்ட மூன்று கொடிகளையும் நம்பி நாங்கள் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் கோட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது அந்த அம்மாள் ஒருத்திதான். அவள் பந்தைத் தொட்டதே இல்லை.