மூன்று புள்ளிகளுக்குள் கிடந்த காணி

அம்பிகையை முதல்முறை பார்க்கிறவர்கள் அவளைச் சரியான பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை ரிக்கெற்றைக் கைக்குள் பொத்திப் பிடித்திருப்பாள். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிற நாளில், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியின் பிரதிகளை மூன்று பைகளில் பிரித்து வைத்துக்கொள்வாள். அடுப்பை நிறுத்தினேனா என்ற சந்தேகத்தில் வியா மக்வேதா தெருவின் பாதியிலிருந்து பல்லரோச் சந்தைப் பக்கத்து வீட்டுக்குத் திரும்பி ஓடிய நாட்களும் உண்டு. ஆனால் காணி, உறுதிப் பத்திரம் என்று பேச்சு வந்துவிட்டால் அவள் வேறு ஆள்.

யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளியில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு யோசேப்பிடம் பதினொரு வருடம் கிளாக்காக இருந்தவள் அவள். ஒரு காணி கைமாறுவதற்கு முன் அது விற்கிறவருக்கு எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று காணிக் கந்தோரில் பழைய தோம்புப் பதிவேடுகளைப் புரட்டி, நூறு வருடம் பின்னோக்கி நடந்துவிட்டு வருவது அவளுடைய வேலை. அவள் பார்த்துக்கொடுத்த காணியில் பிறகு வழக்கு வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. சண்டை மூண்டபின் தொண்ணூற்றொன்றில் கணவன் விக்னராஜாவோடு பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். அவன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலைக்குப் போனான். அவள் சின்யோரா எமிலியானாவின் வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

சின்யோராவுக்கு எழுபது வயது. லத்தீன் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயாருடைய ஊர் மலையில் இடிந்துகிடக்கும் ஒரு கோட்டையை ஒருகாலத்தில் ஆண்டவர்கள் வல்தார்சா என்ற பிரபுக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வம்சவரிசையை, எண்ணூறு வருடத்துக்கு முன் தோலில் எழுதிக் கொடுத்த சாசனங்களிலிருந்து அவர் ஒன்பது வருடமாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த போட்டோப் பிரதிகள் பதினாறு பெட்டி நிறைய இருந்தன. அம்பிகை உடுப்பு அயன் பண்ணும்போது, தாம் எழுதியதைச் சின்யோரா உரத்து வாசிப்பார். கேட்க வேறு ஆள் இல்லை.

கதை ஓரிடத்தில் அறுந்து நின்றது. 1172இல் ருஜ்ஜேரோ தி வல்தார்சா என்பவர் ஒரு மடத்துக்கு ஒலிவந்தோப்பு எழுதிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு 1221இல்தான் குல்யெல்மோ என்ற ஒருவர் தன்னை வல்தார்சாவின் பிரபு என்று சொல்லிக்கொண்டு வருகிறார். இடையில் ஏறக்குறைய ஐம்பது வருடம் வெறுமை. குல்யெல்மோ அந்த வம்சமா, இல்லை எங்கிருந்தோ வந்து புகுந்தவரா?

தொண்ணூற்றாறு மாசியில் ஒரு பேராசிரியர் சஞ்சிகையில் தீர்ப்பே எழுதிவிட்டார்: புகுந்தவர்தான், மற்றதெல்லாம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு. சின்யோரா மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் முடிவைச் சொன்னார். மே மாதம் வரலாற்றுச் சங்கத்தில் கடைசியாக ஒரு கட்டுரை வாசிப்பது, பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே தூரின் நகரில் தங்கையிடம் போய்விடுவது.

அம்பிகையின் பெர்மெசோ ஆடியில் முடிகிறது. புதுப்பிக்க, வேலை இருக்கிறது என்று சின்யோராவின் கடிதம் வேண்டும். வீடு பூட்டினால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கடிதம் இல்லை.

"வேறை வீடு பாப்பம்," என்றான் விக்னராஜா.

"மூண்டு மாசத்திலை ஆரப்பா கடிதம் தரப்போகினம்? உங்கடை மீன் முதலாளியோ?"

"அவன் எனக்கே இன்னும் தரேல்லை."

அடுத்த கிழமை பெட்டிகளைக் கட்டும்போது சின்யோரா ருஜ்ஜேரோவின் சாசனத்தைக் கையில் எடுத்து, பிரியாவிடைபோல ஒருதரம் வாசித்தார். "நான், ருஜ்ஜேரோ, என் ஆத்மாவின் ஈடேற்றத்துக்காக, ஒலிவந்தோப்பைக் கொடுக்கிறேன்... சாட்சிகள்..."

அம்பிகை அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எல்லை எங்கை, சின்யோரா?"

"என்ன எல்லை?"

"தோப்புக்குக் கிழக்காலை ஆர், வடக்காலை ஆர்? எல்லை இல்லாமல் ஒருத்தரும் உறுதி எழுதமாட்டினமே."

"ஓ, அதுவா? வாய்க்கால், பாதை, இன்னாருடைய நிலம் என்று பத்து வரி வரும். ஒரு பிரயோசனமும் இல்லை. நான் எல்லாவற்றிலும் மூன்று புள்ளி போட்டுவிட்டுப் போய்விடுவேன்."

"எல்லாத்திலுமோ?"

"எல்லாவற்றிலும்."

அம்பிகை கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்யோராவுக்கு முன் அவள் கேளாமல் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. "ஐயோ சின்யோரா, சாமானை எறிஞ்சுபோட்டு உறையை வைச்சிருக்கிறியள்."

பிறகு விளக்கினாள். ஒரு ஆளுடைய சொந்த உறுதி தொலைந்தாலும் அவருடைய பெயர் பக்கத்துக் காணிக்காரனின் உறுதியில் இருக்கும். இன்ன வருடம் இந்தக் காணிக்கு மேற்கே இன்னாருடைய காணி என்று அவன் எழுதியே ஆகவேண்டும். "ஆளைத் தேடாதேங்கோ. ஆள் சாகும், கலியாணம் கட்டிப் பேர் மாறும். காணி எழும்பிப் போகாது. சுத்திவர இருக்கிற அயலட்டையை விசாரிப்பம்."

கட்டிய பெட்டிகள் அவிழ்ந்தன. சின்யோரா போட்டோப் பிரதிகளிலிருந்து எல்லைகளை லத்தீனில் வாசித்து இத்தாலியத்தில் சொல்ல, அம்பிகை பல்லரோவில் இறைச்சி சுற்றித் தந்த தடித்த தாளின் சுத்தமான துண்டுகளில் கட்டம் கட்டமாகக் காணிகளை வரைந்து, நான்கு பக்கமும் பெயர் எழுதினாள். வேலை நேரம் முடிந்தாலும் போகமாட்டாள். வீட்டுத் தரை இரண்டு கிழமை கூட்டப்படவில்லை. சின்யோரா அதைக் கவனிக்கவும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் சின்யோரா ஒரு வரியில் விரலை ஊன்றி வாசிப்பை நிறுத்தினார். 1198இல் அதே மடம் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கியிருக்கிறது. அதற்குக் கிழக்கு எல்லை, அதெலாசியா என்ற பெண்ணுடைய நிலம். கட்டத்தைப் பார்த்தால், 1172இல் ருஜ்ஜேரோ தோப்பைக் கொடுத்தபோது தனக்கென்று மிச்சம் வைத்த அதே நிலம்!

"சீதனம்!" என்றாள் அம்பிகை. "ஆம்பிளைப் பிள்ளையையே தேடிக்கொண்டிருந்தியள். காணி பொம்பிளைப் பிள்ளையோடை போயிருக்கு."

"அப்படியென்றால் அதெலாசியா ருஜ்ஜேரோவின் மகள், குல்யெல்மோ அவள் பிள்ளை!" சின்யோரா எழுந்து அம்பிகையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நான் தூரினுக்குப் போகவேண்டியதே இல்லை. அந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவேண்டும்!"

அம்பிகையின் கண் தாளுக்குப் போனது. பேசாமல் இருந்தால் போதும். சின்யோரா இங்கேயே இருப்பார், கடிதம் கிடைக்கும், ஆடியில் பெர்மெசோ வரும். அவள் தாளை இன்னொருமுறை கிழக்கிலிருந்து தெற்குவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இல்லைச் சின்யோரா. மகள் எண்டு இதிலை இல்லை."

"என்ன?"

"அதெலாசியாவின்ரை நிலம் எண்டுதான் இருக்கு. சீதனமெண்டு நான்தான் வாய்விட்டிட்டன். அவ காசுக்கும் வாங்கியிருக்கலாம். குல்யெல்மோ அவவின்ரை பிள்ளை எண்டும் ஒருத்தரும் எழுதேல்லை. எங்கடை நொத்தாரிசு இதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டார்."

சின்யோரா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இன்றைக்குப் போ," என்றார்.

அன்று விக்னராஜா தலையில் கைவைத்தான். "எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்திச் செத்தவள். அவள் மகளோ மருமகளோ, ஆர் வந்து கேக்கப்போறது? வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே!"

"அந்தப் பேராசிரியர் கேப்பார். எல்லாருக்கும் முன்னாலை கேப்பார். மனுசி அதிலை நிண்டு என்ன சொல்லும்?"

"உன்ரை பெர்மெசோவை ஆர் கேப்பினம்?"

அம்பிகை அடுப்பை நிறுத்தினாள். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மே மாதம் சங்கத்தின் மண்டபத்தில் பின்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அம்பிகையும் இருந்தாள். சின்யோரா கட்டுரையை வாசித்து முடித்தார். பேராசிரியர் எழுந்து சிரித்தபடி, "ஆக, அதெலாசியா ருஜ்ஜேரோவின் மகள் என்பதற்கு ஆதாரம்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை," என்றார் சின்யோரா. "கட்டுரையிலும் 'இன்னும் இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் குல்யெல்மோ புகுந்தவர் என்று எழுதினீர்களே, அதற்கு எத்தனை சாசனங்களின் எல்லைகளை வாசித்தீர்கள்?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, எல்லைகளைத் தானும் விட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டார். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது.

வெளியே படியில் இறங்கும்போது சின்யோரா அம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டார். "காப்பகத்தில் அந்த மடத்தின் சாசனங்கள் இன்னும் நூற்று நாற்பது இருக்கின்றன, அம்பிகை. எல்லாவற்றின் எல்லையும் வரைய எவ்வளவு காலம் வேண்டும்?"

அம்பிகை நின்று, உண்மையாகவே கணக்குப் பார்த்தாள். "வீட்டையும் கூட்டிக்கொண்டெண்டால், ரெண்டு வருசம்."

"அப்படியென்றால் தூரினுக்கு எழுதிவிடுகிறேன், வரவில்லை என்று. குவெஸ்தூராவுக்கும் உன் கடிதத்தை நாளைக்கே எழுதவேண்டும்."

"ரெண்டு பிரதி எடுப்பமோ, சின்யோரா?" என்றாள் அம்பிகை. பிறகு, "இல்லை, மூண்டு."